நவம்பரில் எந்த ஊர்

ஜூலை 14

அன்புள்ள அக்கா,

எனக்கு இருமல் போய்விட்டது, உடம்பு பரவாயில்லை. உன் கழுத்துவலி எப்படி இருக்கிறது? ஸ்டூடியோவில் அந்த ஆடும் ஸ்டூலை மாற்றச் சொல் என்று போன தடவையே எழுதினேன். சொல்லியிருக்க மாட்டாய்.

இதையும் ஸ்டூடியோ விலாசத்துக்கே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவதெல்லாம் ஒரு பேச்சா? ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அத்தான், உன் மடியில் வாண்டு. "சாப்பிட்டேன்", "குளிர்தான்", "சரிம்மா" என்பதைத் தவிர நான் அதில் வேறு ஏதாவது சொல்லியிருக்கிறேனா?

வேலை போகிறது. ஊரின் எல்லாக் குழாய்களிலிருந்தும் காலையில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் குடிநீர் பாட்டில்கள் வருகின்றன. அதைக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றிச் சூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டால், கிருமி இருக்கிற தண்ணீரில் மறுநாள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். அந்தப் புள்ளிகளை எண்ணுவதுதான் என் வேலை. பாதியில் யாராவது கூப்பிட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும் என்பதால் அந்த நேரத்தில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. நாள் முழுவதிலும் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

நவம்பரில் ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து போக அது காணாது, பாதி வழியிலேயே கழிந்துவிடும். இங்கே ஐரோப்பாவிலேயே எங்காவது ஒரு ஊரைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். மரமெல்லாம் இலை கொட்டி முடிக்கிற சமயம், கூட்டம் இருக்காது என்கிறார்கள். யாரும் என்னை எதுவும் கேட்காத ஊராக இருந்தால் போதும். லிஸ்பன், பிராக், லுப்லியானா என்று மூன்றை எழுதி வைத்திருக்கிறேன். எதிலும் மனம் நிற்கவில்லை. ஊரைப் படத்தில் பார்த்தே எடைபோடத் தெரிந்தவள் நீ. எந்த ஊர் என்று நீயே சொல்.

வீட்டில் இப்போதைக்கு யாருக்கும் தெரிய வேண்டாம். அத்தானைக் கேட்டதாகச் சொல். வாண்டு பல் தேய்க்கிறாளா?

உன்
தங்கை

ஆகஸ்ட் 2

என் ஊமைக்கோட்டானுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். கழுத்துவலி அதுபாட்டுக்கு இருக்கு, நான்பாட்டுக்கு இருக்கேன். ஸ்டூலை மாத்தச் சொன்னேன். "ஸ்டூல் ஆடினாத்தான் வர்றவங்க பயந்துபோய் அசையாம உக்காருவாங்க"ன்னுட்டார் முதலாளி. யோசிச்சா அதுவும் சரியாத்தான் இருக்கு.

உன் கடிதத்தை வெள்ளைத் திரைக்குப் பின்னாடி நின்னு படிச்சேன். ரெண்டு தடவை. மூணாவது தடவை படிக்கிறப்ப, பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர் திரைக்கு அந்தப் பக்கம் தொண்டையைக் கனைச்சார். அவர் போட்டோவுல கொஞ்சம் கோவமாத்தான் விழுந்திருக்கார். போகட்டும், விசா கொடுக்கிறவங்களுக்குச் சிரிச்ச முகம் ஆகாதுல்ல.

நீ கேப்பேன்னு தெரியும். எப்பக் கேப்பேன்னுதான் தெரியல. நம்ம வீட்ல யாரு யாரை வான்னு கூப்பிட்டிருக்காங்க? அம்மா "எந்த பஸ்ஸுல போகலாம்"னு கேட்டா நாம செருப்பைத் தேட ஆரம்பிச்சிடுவோம். அப்பா இருந்தவரைக்கும் "முன்னாடி சீட்டா, பின்னாடி சீட்டா"ன்னு கேட்டார்னா அன்னைக்கு சினிமா. என் கல்யாணத்துக்கே அம்மா என்னைக் கேட்டது "மாடியில வெச்சுக்கலாமா, கீழயா"ன்னுதான். நீயும் அப்படியே வந்து, எந்த ஊருன்னு நீயே சொல்லுன்னு கேட்டிருக்கே. இவ்வளவு படிச்சு, இவ்வளவு தூரம் போயும் மாறலடி நீ.

ஊரு லிஸ்பன். இதுல பேச்சே வேண்டாம். நாள் முழுக்கக் குடையும் விளக்கும் வெச்சு ஜனங்க மூஞ்சிக்கு வெளிச்சம் தேடுறவ நான். பிராக்ல அந்த மாசம் நாலு மணி தாண்டினாலே இருட்டிடுமாம். லிஸ்பன்ல இன்னும் கொஞ்ச நேரம் வெளிச்சம் கிடைக்கும். அதுவும் நடைபாதையெல்லாம் வெள்ளைக் கல்லு. கீழேயிருந்து வெளிச்சம் எழும்பி மூஞ்சில படும். நமக்கு ரெண்டு பேருக்கும் கண்ணுக்குக் கீழ இருக்கே கருப்பு, அது அந்த ஊர்ல காணாமப் போயிடும் பாரு. மூணாவதா ஒரு ஊரு எழுதியிருந்தியே, அது என் வாயிலயே நுழையல. வாயில நுழையாத ஊருக்குள்ள நாம எப்படி நுழையறது?

பாஸ்போர்ட் இருக்கு. ரெண்டு வருஷமா இருக்கு. எதுக்குன்னு அத்தான் கேட்டப்ப, "போட்டோ எடுக்கிறவகிட்ட ஒண்ணு இருந்தாத்தான் வர்றவங்க நம்புவாங்க"ன்னு சொல்லி வெச்சேன். நம்பிட்டார். தேதியை எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஆகஸ்ட் 16
(அனுப்பாதது)

அக்கா,

நான் உன்னைக் கூப்பிடவில்லை. ஊரைத்தான் கேட்டேன். நம் வீட்டில் கேட்பதுதான் கூப்பிடுவது என்பதை எப்படி மறந்தேன்? உன் கடிதம் வந்ததிலிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ வரக் கூடாது என்பதில்லை. யாரும் வரக் கூடாது. சுவரோரம் நீ, நடுவில் நான், வெளிப்பக்கம் அம்மா என்று படுத்து வளர்ந்தேன். அப்புறம் ஹாஸ்டலில் ஒரு அறைக்கு ஆறு பேர். இங்கே பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணோடு ஒரு ஜன்னல், ஒரு அலமாரி. நான் எழுதிய பரீட்சைகளையெல்லாம் வீடே எழுதியது. நம் குடும்பத்தில் முதல் பட்டம் என்று அம்மா அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள், நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஒரு தடவையாவது, நான் எங்கே இருக்கிறேன், சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்து பார்க்க வேண்டும். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து என்ன தோன்றுகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றும் தோன்றாமலும் போகலாம். அதையும் நானே பார்க்க வேண்டும்.

உன்னோடு போனால் நன்றாகத்தான் இருக்கும். நீ பேசுவாய், நான் சிரிப்பேன். நான் பிறந்ததிலிருந்து அதுதானே நடக்கிறது.

இதைப் படித்தால் உன் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகம்தானே? அம்மா நடக்கும்போது மூச்சு வாங்குவது குறைந்ததா?

உன் கடிதம் கிடைத்தது, சிரித்துச் சிரித்துப் படித்தேன். ஆனால் சில விஷயங்களை நிதானமாக யோசிக்க வேண்டும். லிஸ்பன் முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். வெள்ளைக் கல் ஈரத்தில் வழுக்கும் என்கிறார்கள். அந்த மாதம் மழையும் அதிகமாம், நீ நினைக்கிற வெளிச்சம் இருக்குமோ என்னவோ. உன் கழுத்தோடு அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியுமா? வாண்டுவை யார் பார்த்துக்கொள்வார்கள்? பள்ளிக்கூட அடையாள அட்டைப் படங்களெல்லாம் எப்போது வரும், முதலாளி விடுவாரா? விசாவுக்கு வேறு ஆயிரம் காகிதம் கேட்பார்கள்.

அவசரமில்லை. உனக்குச் சிரமமாக இருந்தால் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

லீவு நவம்பர் இரண்டாம் வாரக் கடைசியில் ஆரம்பிக்கிறது.

உன்
தங்கை

செப்டம்பர் 5

அடி ஊமைக்கோட்டானே,

நல்லா இருக்கியா? இங்க நல்லா இருக்கோம். அம்மாவுக்கு மூச்சு வாங்குறது குறைஞ்சிருக்கு, பேச்சுதான் குறையல.

உன் கடிதத்தைப் படிச்சிட்டு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. என் கழுத்து, என் குழந்தை, என் முதலாளி, ஒண்ணையும் விடல நீ. நான் எங்கேயாவது கிளம்புறப்ப யாரும் இவ்வளவு யோசிச்சதில்ல. கிளம்பினதில்லங்கிறது வேற விஷயம்.

ஒவ்வொண்ணா சொல்றேன். வழுக்குதுன்னியே, அடியில ரப்பர் வெச்ச ஷூ வாங்கியாச்சு. தினமும் அதைப் போட்டுக்கிட்டுத்தான் ஸ்டூடியோவுக்கு நடக்கிறேன். "போலீஸ்ல சேந்துட்டியாம்மா"ன்னு கேக்குறார் முதலாளி. லீவு கொடுத்துட்டார். வாண்டுவை அம்மாவும் அத்தானும் பாத்துக்குவாங்க. மழைக்கு ரெண்டு குடை எடுத்துட்டு வரேன், உனக்கும் சேத்து.

வீட்ல சொல்லிட்டேன். சொல்லாதன்னு எழுதியிருந்தே, ஆனா ஷூவை எங்க ஒளிக்கிறது? அத்தான், "ரெண்டு பேரும் போனா ஒருத்தி பேசுவா, ஒருத்தி தலையாட்டுவா. அந்த ஊரு தாங்குமா"ங்கிறார். அம்மா காய் நறுக்கிட்டே, "சின்னவ கூட இருக்கிறதாலதான் விடுறேன்"ன்னாங்க. பாத்தியா, உன் படிப்பு இப்ப எனக்கும் பாஸ்போர்ட்டு.

ஒரு வேலை. விசாவுக்கு, நான் உன் அக்கா, கூட வரேன்னு நீ ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். அப்புறம் ரூம் எடுத்த பேப்பர்ல நம்ம ரெண்டு பேர் பேரும் இருக்கணும். சீக்கிரம் அனுப்பு.

நீ எப்பவாவது யாரையாவது ஒண்ணு கேப்பியான்னு இருந்தேன். கேட்டே. அதுவும் என்னை.

அக்கா

செப்டம்பர் 19

அன்புள்ள அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு? வாண்டுக்கு? அத்தானுக்கு?

நீ கேட்ட கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அறையை இரண்டு பேர் பெயரிலும் எடுத்திருக்கிறேன். இரண்டு கட்டில், ஜன்னல் தெருப் பக்கம். அந்தக் காகிதமும் இதோடு இருக்கிறது; வாசல் கதவைத் திறக்கும் நம்பரும், அவசரத்துக்கு என் நம்பரும், அது கிடைக்காவிட்டால் என் அறைத்தோழியின் நம்பரும் அதில் இருக்கின்றன.

இங்கே வேலையில் கொஞ்சம் தடுமாற்றம். ஒரே தட்டை எண்ணிக்கொண்டே இருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வேறு கணக்கு வருகிறது. மேற்பார்வையாளர் "வீட்டில் எல்லாரும் நலம்தானே" என்று கேட்டார். நலம் என்றேன்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
தங்கை

அக்டோபர் 6

ஏய் கோட்டான்,

நீ சௌக்கியமா? போன கடிதத்துல எல்லார் உடம்பையும் விசாரிச்சிட்டு உன் உடம்பைப் பத்தி ஒரு வரி எழுதல. காய்ச்சலா? மறைக்காத.

விசா வந்துடுச்சு. டிக்கெட்டும் எடுத்தாச்சு.

விசாவுக்குப் புதுசா படம் வேணும்னாங்க. இத்தனை வருஷத்துல முதல் தடவையா அந்த ஆடுற ஸ்டூல்ல நான் உக்காந்தேன். முதலாளிதான் எடுத்தார். முதல் படத்துல கண்ணை மூடிட்டேன். ரெண்டாவதுலயும் மூடிட்டேன். "ஊருக்கெல்லாம் கண்ணைத் திற கண்ணைத் திறன்னு சொல்லுவியே, இப்ப என்ன"ன்னு கேட்டார். அந்தப் பக்கத்துலேருந்து பாத்தாத்தான் தெரியுது, விளக்கு எவ்வளவு கூசுதுன்னு. நான் எத்தனை பேரை அதட்டியிருக்கேன். மூணாவது படத்துல கண்ணு திறந்திருக்கு, ஆனா யாரையோ பாத்து பயந்த மாதிரி இருக்கு. அதையே ஒட்டி அனுப்பிட்டேன்.

ஸ்வெட்டர் கொண்டு வரேன். உனக்கு எது வேணும்னு எழுது. எதுவும் வேண்டாம்னு எழுதாத.

இப்பல்லாம் கனவுல டிராம் வண்டி வருது. நான் ஏறுறேன், நீ கீழயே நிக்கிறே. கையைக் கொடுன்னு கத்துறேன். அத்தான் எழுப்பி, "யாருக்குக் கை"ன்னு கேக்குறார்.

அக்கா

அக்டோபர் 17

அன்புள்ள அக்கா,

எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் எல்லாரும் சேர்ந்து பேசினீர்கள். அத்தான் என்னை "டூரிஸ்ட் கைடு" என்றார். அம்மா "அவளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ, ரோடு கிராஸ் பண்ண மாட்டா" என்றாள். வாண்டு பொம்மை கேட்டாள். நான் "சரிம்மா" என்றேன்.

என் லீவு ரத்தாகிவிட்டது. உடன் வேலை செய்கிற ஒருத்தி கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாதிரி பாட்டில்கள் தேங்கிவிட்டன. நவம்பர் முழுவதும் யாருக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை.

நீ எவ்வளவு ஆசையாக இருந்தாய் என்று தெரியும். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. அறையை நான் ரத்து செய்துவிடுகிறேன். இன்னொரு வருடம் பார்க்கலாம்.

என்னை மன்னித்துவிடு.

உன்
தங்கை

அக்டோபர் 30

என் தங்கத்துக்கு,

உன் கடிதம் நேத்து ஸ்டூடியோவுக்கு வந்தது. நான் நல்லாத்தான் இருக்கேன்.

படிச்சதும் எனக்கு முதல்ல உன்னை நினைச்சுத்தான் கஷ்டமா இருந்துச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற லீவு. அதுவும் போச்சு. அந்தப் பாட்டிலுங்க நடுவுல தனியா உக்காந்து புள்ளி எண்ணிட்டு இருப்பியேன்னு நினைச்சா மனசு ஆறல. பாவம், அந்த மணிக்கட்டு உடைஞ்ச பொண்ணு மேல கோவப்படாத. வேணும்னு விழுந்திருக்க மாட்டா.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். டிராவல்ஸ்ல ஒரு அம்மா எனக்கு முன்னாடி நின்னுட்டிருந்தாங்க. அவங்க முறை முடிஞ்சு, என் முறை வந்து, கவுன்ட்டர்ல "என்னம்மா"ன்னு கேட்டாங்க. "விமானத்துல ஜன்னல் சீட்டு கிடைக்குமா"ன்னு கேட்டுட்டு வந்துட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன்னு எனக்கே தெரியல.

நான் போறேன். ரூமை ரத்து பண்ணாத. உனக்குப் பதிலாவும் சேத்து பாத்துட்டு வந்து எழுதுறேன்.

வீட்ல எப்படி விட்டாங்கன்னு கேக்காத. இனிமே ஞாயித்துக்கிழமை போன் பண்ணாத. உனக்கு லேப்ல ஓயாத வேலைன்னு நானே சொல்லிக்கிறேன். நீ ஓய்வு எடு.

எனக்குப் பயமா இல்லைன்னு எழுதலாம்னு பாத்தேன். கை வரல.

அக்கா

நவம்பர் 16
லுப்லியானா
(அனுப்பாதது)

அக்கா,

நீ வேண்டாம் என்ற ஊருக்கு வந்திருக்கிறேன். லீவு அப்படியேதான் இருந்தது, லிஸ்பன் அறையையும் நான் ரத்து செய்திருக்கவில்லை. உன் ஊரை நான் எடுத்துக்கொள்ளவில்லை என்று ரயிலில் வரும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூடுபனி. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு இல்லை. ஆற்றங்கரையில் பெஞ்சுகள் இருக்கின்றன, ஆறு கொஞ்சம்தான் தெரிகிறது. குன்றின் மேல் கோட்டை இருக்கிறது என்று வழிகாட்டிப் பலகையைப் பார்த்து நம்பிக்கொள்ள வேண்டியதுதான். கைபேசியை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். கடையில் "எத்தனை பேர்" என்று கேட்டார்கள். விரலைக் காட்டினேன். யாரும் என்னை வேறு எதுவும் கேட்கவில்லை. நான் கேட்டது அப்படியே கிடைத்திருக்கிறது.

பெஞ்சில் உட்கார்ந்து என்ன தோன்றுகிறது என்று பார்த்தேன். ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு நீ ஏதோ ஒரு ஏற்றத்தில் நிற்பது தோன்றியது. இங்கேயும் வந்துவிட்டாயே என்று உன்மேல் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?

நேற்று ஒரு மணி நேரம் மட்டும் உன் ஞாபகம் இல்லாமல் நடந்தேன். நன்றாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இந்த அட்டையை அனுப்ப முடியாது. தபால்தலையே சொல்லிவிடும்.

நவம்பர் 24

தங்கைக்கு,

சுகமா வந்து சேந்துட்டேன். நீயும் சுகமா இருப்பேன்னு நினைக்கிறேன்.

எழுதுறேன்னு சொன்னேன்ல, எழுதுறேன். போய் இறங்கினப்ப மழைன்னா மழை. தங்குற இடத்துல ஆள் இல்ல. கதவுல நம்பர் பட்டன் மட்டும்தான். அந்த நம்பரை நீ எழுதி அனுப்பின பேப்பர் பையிலேயே நனைஞ்சு கூழா போச்சு. ரெண்டு குடை வெச்சிருந்தேன், ரெண்டும் பெட்டிக்குள்ள. இருட்டிட்டு வந்துச்சு. யாரைக் கேக்குறதுன்னு தெரியல. உனக்குப் போன் பண்ணேன். அணைச்சு வெச்சிருந்தது. லேப்ல இருப்பேன்னு நினைச்சுத் திரும்பத் திரும்பப் பண்ணேன். அப்புறம் உன் ரூம்மேட் நம்பர் எனக்கு மனப்பாடமா இருந்தது ஞாபகம் வந்துச்சு.

அவ எடுத்தா. அவளுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷும் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷும் ஒண்ணையொண்ணு அடையாளம் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் நல்லாப் பேசினா. ரொம்ப நல்ல பொண்ணு. நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னா.

போனை வெச்சிட்டு அந்தப் படியிலயே உக்காந்திருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. கீழே முடி வெட்டுற கடை. கடைக்காரர் கடையைப் பூட்ட வெளியே வந்தவர், என்னைப் பாத்துட்டு, உள்ளே போய் ஒரு துண்டு கொண்டு வந்து கொடுத்தார். அவர்தான் வீட்டுக்காரங்களுக்குப் போன் பண்ணி நம்பரை வாங்கி அழுத்தினார். கதவு திறந்துச்சு. உள்ளே ரெண்டு கட்டில். ஒண்ணுல பெட்டியை வெச்சேன்.

மறுநாளும் மழை. ஷூ வழுக்கல. நீ சொன்ன மாதிரியே ஏத்தம்தான் எல்லாம். ஏறினா ஆறு தெரியும், கடல் மாதிரி அகலம். டிராம்ல நிக்க இடம் இல்லாம ஒரு அம்மா என் காலை மிதிச்சிட்டு என்னவோ சொன்னாங்க. நான் நம்ம பாஷையில திட்டினேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். கிளம்புற அன்னைக்குக் காலையில மழை சுத்தமா விட்டிருந்தது. வெள்ளைக் கல்லு பளிச்சுனு இருந்துச்சு. ஒரு வயசான ஜோடி கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொன்னாங்க. "கண்ணைத் திறங்க"ன்னு அதட்டல. அவங்களே திறக்கிற வரைக்கும் காத்திருந்தேன்.

வாண்டுக்குப் பொம்மை வாங்கினேன். சின்னம்மா வாங்கிக் கொடுத்ததுன்னு சொல்லிக் கொடுத்துட்டேன்.

அங்க மூடுபனி ரொம்ப இருந்துச்சா?

அக்கா

டிசம்பர் 8

அக்கா,

உன் உடம்பை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். மழையில் நனைந்தது ஒன்றும் செய்யவில்லையே?

மூடுபனி இருந்தது. நீ நினைக்கிறபடிதான். லீவு ரத்தாகவில்லை. யாருக்கும் மணிக்கட்டு முறியவில்லை. நான் தனியாகப் போக ஆசைப்பட்டேன். முதல் கடிதத்திலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும், அதற்கு அடுத்ததிலாவது. ஒரு கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை. உன் மனம் நோகும் என்று பயந்ததாக இவ்வளவு நாளும் நினைத்தேன். அதுவும் பொய். என்னைக் கெட்டவள் என்று நீ நினைப்பாயே என்றுதான் பயந்தேன்.

நீ அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது என் கைபேசி ஒரு பெட்டிக்குள் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. அதைத் தாண்டி என்னால் எதையும் யோசிக்க முடியவில்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தங்கை

டிசம்பர் 29

ஊமைக்கோட்டானுக்கு,

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு தும்மல், அதோட சரி.

ரெண்டு வாரமா உனக்குத் திட்டு எழுதிப் பாத்தேன். சரியா வரல. நீ முதல்லயே தனியாப் போறேன்னு ஒரு வரி எழுதியிருந்தேன்னா, வெள்ளைத் திரைக்குப் பின்னாடி நின்னு அழுதிருப்பேன், அப்புறம் மூஞ்சியைக் கழுவிட்டு வந்து உனக்கு ஊரு பாத்துச் சொல்லியிருப்பேன். இப்ப ஒழுங்கா கோவப்படக்கூட முடியல. ஏன்னா தனியாப் போனது எனக்குப் பிடிச்சுப் போச்சு. கோவமா உக்காந்தா அந்த ஊரு ஞாபகம் வருது, சிரிப்பு வந்துடுது. அத்தான் "என்னடி"ங்கிறார்.

ஆனா ஒண்ணு. லீவு போச்சுன்னு நீ எழுதினப்ப உனக்காக நான் வருத்தப்பட்டேன் பாரு, அந்த வருத்தத்தை மட்டும் திருப்பிக் கொடு. அதை எங்கிட்ட ஏமாத்தி வாங்கிட்டே. மத்ததெல்லாம் போகட்டும்.

இப்ப நான் சொல்றதைக் கேளு. உன் லீவு ரத்தான கடிதத்தை நான் வீட்ல காட்டவே இல்ல. சின்னவ கூட இருக்கிறதாலதான் விடுறேன்னு அம்மா சொன்னாங்கள்ல. அதனால இன்னைக்கு வரைக்கும் வீட்டைப் பொறுத்தவரை நாம ரெண்டு பேரும் சேந்துதான் போனோம். நீ ஏர்போர்ட்டுல எனக்காகக் காத்திருந்தே. நம்பர் பட்டனை அழுத்தினது நீதான். என் கையைப் பிடிச்சு ரோடு கிராஸ் பண்ணி விட்டதும் நீதான். உன்னை மெச்சி அம்மா தெரு பூராவும் சொல்லியாச்சு. பொய் சொல்றதுல நீ எனக்குத் தங்கைதான், வேற என்ன சொல்ல.

ரெண்டு மாசமா நீ போனே பண்ணலன்னு அம்மாவுக்குக் கோவம். இந்தக் கடிதம் கிடைச்ச ஞாயித்துக்கிழமை பேசு. ஸ்பீக்கர்ல எல்லாரும் இருப்போம். "சரிம்மா"ன்னு தப்பிக்க விட மாட்டாங்க, எல்லாம் கேப்பாங்க. மழை, முடி வெட்டுற கடைக்காரர், துண்டு, காலை மிதிச்ச அம்மா, வயசான ஜோடி, எல்லாத்தையும் போன கடிதத்துல எழுதியிருக்கேன். நல்லாப் படிச்சுக்கோ. பரீட்சைக்குப் படிக்கிறது உனக்குப் புதுசா என்ன.

மூணாம் நாள் சாயங்காலம் என்ன பண்ணீங்கன்னு கேட்டா மட்டும், நீ ரூம்ல தூங்கிட்டேன்னு சொல்லு. அது என்னோடது.

அக்கா